தட்டுகளுக்கு ஒரு கால அட்டவணை

என் அண்ணன் பஸ் டிப்போவில் கால அட்டவணை போடும் வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தான். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த நிறுத்தத்தில் எத்தனை நொடி நிற்க வேண்டும், ஓட்டுநர் எப்போது டீ குடிக்க வேண்டும் என்பதையெல்லாம் நீளமான தாளில் பென்சிலால் எழுதுவதுதான் வேலை. அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பஸ்ஸில் ஏறினால் தலைசுற்றும் என்று தினமும் டிப்போவுக்கு நடந்தே போனான். அங்கே எல்லோரும் அவனை 'நிமிஷம் சார்' என்று கூப்பிட்டார்கள்.

வீட்டிலும் நிமிஷம்தான். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, ஏழு பதினாலுக்கு வந்திருக்க வேண்டும், இப்போது ஏழு பதினேழு என்று அறிவிப்பான். முட்டை வேகும்போது அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் ராத்திரி நான் கொட்டாவி விட்டேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சீக்கிரமாவா?" என்று கேட்டான். எங்களுக்குள் பன்னிரண்டு வயது வித்தியாசம். முப்பது வயதிலும் நான் அவனுக்குப் பாப்பாதான். மூன்றாம் மாடியில் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம்.

எனக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பேச்சு ஆரம்பிக்க இருபது நிமிடம் என்று கணக்குப் போட்டு, ஐந்து இருபதுக்கு டீயும் பிஸ்கட்டும் என்று அண்ணன் எழுதி வைத்திருந்தான். அவர்கள் நாலு ஐம்பத்தைந்துக்கே வந்துவிட்டார்கள். வேறு எங்கோ போக வேண்டியிருந்ததால் ஐந்து பதினெட்டுக்கு எழுந்துவிட்டார்கள். நடுவில் நான் மூன்று முறை சமையலறைக்குப் போய்க் கெஞ்சினேன். பிஸ்கட் டின் மேடைமேல்தான் இருந்தது. அதன் மூடியில் கையை வைத்துக்கொண்டு, "அஞ்சு இருபதுக்குத்தான்" என்றான். ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். படியிறங்கும் சத்தம் அடங்குவதற்குள், தட்டில் பிஸ்கட்டை அழகாக அடுக்கிக்கொண்டு அண்ணன் ஹாலுக்கு வந்தான். சரியாக ஐந்து இருபது.

மாப்பிள்ளையின் அக்கா, எனக்கு அண்ணி முறை, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். எதையும் தவறவிடாத கண். அதைவிடத் தவறவிடாத வாய். அன்றே எங்கள் வீட்டுக்குப் பெயர் வைத்துவிட்டார்: தண்ணி வீடு. தன் போனில் என் நம்பரைக்கூட அந்தப் பெயரில்தான் பதிந்திருந்தார். மாப்பிள்ளை இதை ஒரு வேடிக்கையாக என்னிடம் சொல்ல, நான் சிரித்துக்கொண்டே அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அன்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

"நீ அங்க போய்க் காலம் பூரா இருக்கப்போறவ. என்னால உனக்கு அந்தப் பேரு ஒட்டிக்கக் கூடாது பாப்பா" என்றான்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் இரண்டு பக்கத்து நண்பர்களையும் கூப்பிட்டு வீட்டிலேயே ஒரு சனிக்கிழமை மாலை கூடலாம் என்று முடிவானது. பெரிய சாப்பாடு எதுவும் வேண்டாம், பேசிக்கொண்டே கொறிக்க ஏதாவது போதும் என்றேன். மாப்பிள்ளையின் அக்காவும் வருவதாகச் சொல்லியிருந்தார். கொறிக்கும் பொறுப்பைத் தன்னிடம் விட்டுவிடச் சொன்னான் அண்ணன். அந்தப் பெயரை அழிக்க அவனுக்குக் கிடைத்த ஒரே மாலை அது. எனக்கு மறுக்க மனம் வரவில்லை.

முதலில் பயணிகள் கணக்கெடுப்பு நடந்தது. வரப்போகும் பதினெட்டுப் பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்தான். என் ஆபீஸ் தோழி மறுநாள் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். "ஏழு மணியிலிருந்து ஏழரைக்குள்ள எத்தனை சிப்ஸ் சாப்பிடுவேன்னு உங்க அண்ணன் கேட்டாருடி. எங்க வீட்ல இதுவரைக்கும் யாரும் என்னை இவ்வளவு அக்கறையா விசாரிச்சதில்ல" என்றாள். மாப்பிள்ளையிடம் எப்போது பசிக்கும் என்று கேட்டிருக்கிறான். பசிக்கும்போது பசிக்கும் என்று அவர் சொன்னாராம். அவர் பெயருக்கு நேராக 'தகவல் இல்லை' என்று எழுதியிருந்தது.

அடுத்து வழித்தடங்கள். ஒன்றாம் நம்பர் தட்டு வறுத்த கடலை. இரண்டாம் நம்பர் வெள்ளரிக்காய் சாண்ட்விச். மூன்றாம் நம்பர் சிப்ஸ், நடுவில் தொட்டுக்கொள்ளப் பூண்டு போட்ட கெட்டித் தயிர். சமையலறையிலிருந்து கிளம்பி, இடைகழி வழியாக ஹாலுக்குப் போய், சோபா, ஜன்னல், புத்தக அலமாரி, பால்கனிக் கதவு என்று நாலு நிறுத்தம். நாலாம் நம்பர் தட்டு கேக். அது எக்ஸ்பிரஸ். வழியில் எங்கும் நிற்காமல் நேராக சோபாவுக்குப் போகும், ஏனென்றால் மாப்பிள்ளையின் அக்கா சோபாவில்தான் உட்காருவார் என்று அவன் முடிவு செய்திருந்தான். சீஸ் துண்டுகளைப் பல்குச்சியில் குத்தி வைக்கலாமே என்றேன். தின்ற பிறகு குச்சி எங்கே இறங்கும் என்று கேட்டான். சீஸ் ரத்தானது.

தட்டு தூக்க டிப்போவிலிருந்து இரண்டு நண்பர்களை வரச் சொல்லியிருந்தான். ஒருவர் ஓட்டுநர்; நினைத்த இடத்தில் சடாரென்று வண்டியை நிறுத்துவதால் அவருக்குப் பெயர் பிரேக். இன்னொருவர் நடத்துநர், விசில். வியாழக்கிழமை காலித் தட்டுகளோடு வெள்ளோட்டம் நடந்தது. இரண்டு பேரும் இடைகழியில் போவதும் வருவதுமாக இருக்க, அண்ணன் கடிகாரமும் கையுமாக நின்றான். ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம். இடைகழி மூன்றடி அகலம்தான் என்பதால் தாளின் கீழே ஒரு விதியும் எழுதினான்: எதிரும் புதிருமாக வந்தால் நிறைந்த தட்டுக்குக் காலித் தட்டு வழிவிட வேண்டும்.

சனிக்கிழமை ஆறரைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கல்யாணப் பெண் கையைக் காலை ஆட்டக்கூடாது என்று தோழிகள் என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, பத்து விரல் நகங்களுக்கும் சாயம் பூசினார்கள். காயும்வரை எதையும் தொடக்கூடாது என்று மிரட்டல் வேறு. பேச்சும் சிரிப்புமாக ஹால் நிறைந்தது. ஆறு நாற்பதுக்கு ஒன்றாம் நம்பர் கிளம்பியதைப் பார்த்தேன். பிரேக் நெஞ்சு நிமிர்த்திக் கடலைத் தட்டோடு என்னைக் கடந்து போனார். நிம்மதியாக இருந்தது.

பிறகு சாண்ட்விச் போயிற்று. சிப்ஸ் போயிற்று. எல்லாம் கௌரவமாகப் போய்க் கௌரவமாகத் திரும்பின. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஒரே ஒரு முறை என் ஆபீஸ் தோழி எழுந்து இரண்டடி ஓடிச் சாண்ட்விச் தட்டின் விளிம்பைப் பிடிக்கப் போனாள். பிரேக் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஓடுற வண்டியில கை வைக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் ஏதோ ஜோக் அடிக்கிறார் என்று நாங்கள் சிரித்தோம்.

ஏழரைக்கு மாப்பிள்ளையின் அக்கா வந்தார். கடையில் கூட்டமாம், மத்தியானச் சாப்பாடுகூட இல்லையாம். சோபா முழுக்க மாப்பிள்ளையின் நண்பர்கள் தலைகளைச் சேர்த்துவைத்து ஒரே போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாசல் பக்கம் செருப்பு அலமாரியை ஒட்டிக் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அது நிறுத்தமே இல்லை. கேக்கோடு விசில் தன் கடைசி நிறுத்தமான சோபாவுக்குப் போய், தலைகளுக்கு மேலே சுவரைப் பார்த்தபடி நாற்பது நொடி நின்றார். வேறு யாருக்கோ என்று நினைத்து யாரும் தொடவில்லை. கேக் திரும்பிப் போனது.

அக்கா என்னைப் பார்த்து, தொண்டை வறண்டிருக்கிறது, குடிக்க ஏதாவது கிடைக்குமா என்றார். நகத்தைக் காப்பாற்றியபடி இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே டம்ளரைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உங்க வீட்டுத் தண்ணி மட்டும் எப்பவுமே நல்லா இருக்கு" என்றார்.

எனக்குக் காது மடல் சுட்டது. என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, படபடப்பில் நகம் காய்ந்துவிட்டதா என்று வலது கையை நீட்டிப் பார்த்தேன். அந்த நேரம் கடந்து போன பிரேக் என் முன்னால் சடாரென்று நின்றார். தட்டிலிருந்து நாலு சிப்ஸ் என் மடியில் விழுந்தது.

"சீக்கிரம் எடுத்துக்கம்மா, ஏற்கெனவே ஒரு நிமிஷம் லேட்டு" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. கை நீட்டினால்தான் நிற்கிறார்கள். இந்த ஒரு மணி நேரத்தில் ஹாலில் ஒருவர்கூடக் கை நீட்டவில்லை.

சமையலறைக்கு ஓடினேன். அண்ணன் அட்டையில் சொருகிய தாளும் பென்சிலுமாக நின்றிருந்தான். அங்கிருந்து ஹால் தெரியாது. திரும்பி வரும் தட்டுகள் மட்டும்தான் தெரியும். கடலை முழுவதும் மறுபடி டப்பாவுக்குள் போயிருந்தது. கேக்கை ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணா பண்ற?"

"சர்வீஸைக் குறைச்சுட்டேன் பாப்பா. ஏறுறதுக்கு ஆளே இல்ல. போன தட்டு போனபடியே வருது. ஏழு மணிக்கு ஒண்ணாம் நம்பரை நிறுத்திட்டேன். இப்ப எக்ஸ்பிரஸையும் எடுத்துட்டேன்." ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினான். "நம்ம வீட்ல சாப்பிட யாருக்கும் பிடிக்கல போல."

"பதினெட்டுப் பேரும் பசியோட உட்கார்ந்திருக்காங்க. கை காட்டினாத்தான் தட்டு நிக்கும்னு அவங்களுக்கு யாரு சொன்னா?"

அவன் யோசித்தான். "ஸ்டாப்புல நிக்கிறவங்களுக்கு யாரும் சொல்றதில்லையே."

"இது வீடுண்ணா. அண்ணி மத்தியானத்திலேருந்து சாப்பிடல. தண்ணி கேட்டாங்க, குடுத்துட்டு வந்திருக்கேன்."

தண்ணி என்ற சொல்லைக் கேட்டதும் பென்சில் கீழே விழுந்தது. அதை அவன் குனிந்து எடுக்கவில்லை. பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து கேக்கை ஒரு கையிலும், சாண்ட்விச் முழுவதையும் அடுக்கிய பெரிய தட்டை இன்னொரு கையிலுமாக எடுத்துக்கொண்டு, மணி என்ன என்று பார்க்காமலே கிளம்பினான். எனக்குத் தெரிந்து அவன் அப்படிக் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

இடைகழியில் பாதி தூரம் போயிருப்பான். எதிரே பிரேக் வந்துகொண்டிருந்தார், தட்டு நிறைய சிப்ஸோடு. இரண்டு பேரும் நின்றார்கள். காலித் தட்டு வழிவிட வேண்டும் என்பது விதி. இங்கே காலித் தட்டே இல்லை. பிரேக் விதியை மீற மாட்டார். அண்ணனுக்கோ, தான் எழுதிய விதியில் ஓட்டை இருக்கும் என்பதே தோன்றவில்லை. பிரேக்குக்குப் பின்னால் வந்த விசில் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து, பின்னால் வரலாம் என்று இரண்டு ஊது ஊதினார். பிரேக் பின்னால் நகர்ந்து விசிலின் காலை மிதித்தார். பூண்டுத் தயிர் சுவரில் ஒரு பெரிய கோடு போட்டது.

விசில் சத்தம் கேட்டு ஹாலே எழுந்து வந்து இடைகழி வாசலில் நெருக்கியடித்து நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் அக்கா முன்னால் வந்தார். மூன்று ஆட்களையும் மூன்று தட்டுகளையும் சுவரையும் நிதானமாகப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று கேட்டார். நான் சொன்னேன். அன்றைக்கு அண்ணன் பிஸ்கட் டின் மூடியில் கை வைத்து 'அஞ்சு இருபதுக்குத்தான்' என்றதில் ஆரம்பித்து, கை காட்டுவது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அண்ணன் தலை குனிந்து நின்றான். இரண்டு கையிலும் தட்டு இருந்ததால் நெற்றி வேர்வையைக்கூட அவனால் துடைக்க முடியவில்லை.

அக்கா தண்ணீர் டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினார்.

"இந்த வண்டி நிக்குங்களா?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "நின்னுக்கிட்டுத்தாங்க இருக்கு" என்றான்.

அவர்தான் முதலில் சிரித்தார். அதன் பிறகு யாரும் ஹாலுக்குப் போகவில்லை. எல்லோரும் இடைகழியின் இரண்டு பக்கச் சுவரிலும் சாய்ந்து வரிசையாகத் தரையில் உட்கார, தட்டுகள் மடி மாறி மடி மாறிப் போயின. சுவரில் வழிந்த தயிரை மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் சிப்ஸால் வழித்துத் தின்றார். அக்கா பதினோரு சாண்ட்விச் சாப்பிட்டார். அண்ணன் எண்ணியிருந்தான். பத்து மணிக்குக் கிளம்பும்போது அவர் வாசலில் நின்று, அடுத்த வண்டி எப்போது என்று கேட்டார். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான், அப்புறம் அவரைப் பார்த்தான். "தெரியலைங்க. நீங்க எப்ப வந்தாலும் உண்டு" என்றான்.

மறுநாள் மாப்பிள்ளை போன் செய்தார். அக்காவின் போனில் இப்போது என் பெயர் டிப்போ வீடு. அண்ணனிடம் சொன்னேன். அன்று முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு வேறு அறையில் போய் உட்கார்ந்தான். முட்டை வெடித்துவிட்டது.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அண்ணன் போன மாதம் இறந்துபோனான். மறுநாள் மத்தியானத்திலிருந்து மூன்றாம் மாடி வீட்டில் ஆள் நிற்க இடமில்லை. டிப்போவிலிருந்து பாதிப் பேர் வந்திருந்தார்கள். யாரும் சொல்லாமலே கண்ணாடிக் கடை அண்ணி சமையலறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் பசிக்கிறது என்று அவரிடம் போனார்கள். ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். மேடைமேல் இருந்த பிஸ்கட் டின்னின் மூடியில் கையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு இருபதுக்குத்தான்" என்றார்.

ஐந்து இருபதுக்குத் தட்டு வெளியே வந்தது. சோபா, ஜன்னல், அலமாரி, பால்கனிக் கதவு, செருப்பு அலமாரியை ஒட்டிய ஸ்டூல் என்று ஒவ்வொருவர் முன்னாலும் அண்ணி நின்றார். யாரும் கை காட்டவில்லை, பிரேக்கைத் தவிர.