அறுநூறு மீட்டருக்கு அப்பால் நின்ற மான்

அந்த வீடியோவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

ஷார்ஜாவுக்கு வெளியே பாலைவனத்தில் இருக்கும் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். ரேஞ்சில் பாதுகாப்புப் பார்ப்பது, இலக்குகளை மாற்றுவது, புதியவர்களுக்குப் பிடி சொல்லிக்கொடுப்பது என் டூட்டி. அதற்கு முன் ஊரில் எங்கள் கறிக்கடையில் நின்றவன். ஒரு மிருகத்தின் தோள் எலும்பு எவ்வளவு தடிமன், அதற்குப் பின்னால் நுரையீரல் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் எனக்குக் கை அறிந்த கணக்கு. மொட்டைக் கத்தியோடு ஆட்டின் பக்கத்தில் போனால் எங்கள் வீட்டில் அன்று சோறு கிடையாது.

கிளப் மெம்பர்களில் தமிழர் ஒருவர், கட்டுமானக் கம்பெனி முதலாளி. மத்திய ஆசிய மலைகளில் அனுமதி வாங்கி எல்க் மான் வேட்டைக்குப் போவதாகச் சொல்லி, நான்கு மாதம் வாராவாரம் பயிற்சிக்கு வந்தார். எல்க் என்றால் நம் ஊர்ப் புள்ளிமான் இல்லை. குதிரை உயரம், நாட்டு மாட்டைவிடக் கனம். துப்பாக்கி அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். தோட்டா மட்டும் இவர் சொல்வதை வாங்கி வைப்பார்கள்.

அவர் தேர்ந்தெடுத்தது போட்டிக்குச் சுடும் தோட்டா. நூறு மீட்டரில் சுட்டால் காகிதத்தில் ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும். அந்த அழகில் மயங்கிவிட்டார்.

நான் பழைய செய்தித்தாள்களைத் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டாகக் கட்டி, இரண்டு வகைத் தோட்டாவையும் அவர் கண் முன்னாலேயே சுட்டுக் காட்டினேன். போட்டிக் குண்டு ஒரு சாண் ஆழத்துக்குள் பொடிப்பொடியாகிவிட்டது. வேட்டைக் குண்டு காளான்போல விரிந்து, உடையாமல் கட்டின் மறுகோடி வரை போயிருந்தது.

"சார், இந்தப் போட்டிக் குண்டு தோள் எலும்புல பட்டா மேலயே நொறுங்கிரும். உள்ள போவாது. கனமான வேட்டைக் குண்டு சொல்லுங்க. முந்நூறு மீட்டருக்கு மேல சுடவே சுடாதீங்க."

"ஏன்? இங்க மேசை மேல வச்சு முந்நூறுல அடிக்கிறனே? அங்க அறுநூறுலயும் அடிப்பேன்."

"பத்துக்கு ஆறுதான் அடிக்கிறீங்க சார். அதுவும் இரும்புத் தட்டு, அசையாம நிக்குது. அறுநூறுன்னா குண்டு போய்ச் சேர ஒரு நொடி ஆவும். அந்த நொடியில மான் ஒரு அடி எடுத்து வச்சா வயித்துல படும்."

அவர் சிரித்தார். ஆயிரம் மீட்டரில் மான் விழுகிற வீடியோக்களை போனில் பார்த்திருக்கிறாராம். நான் விடாமல் பேசியதைக் கேட்டு மேனேஜர் என்னைத் தனியே அழைத்தார். அவரும் நம் ஆள்தான், தஞ்சாவூர்ப் பக்கம்.

"தம்பி, அவரு மெம்பர். நீ தட்டு மாத்துற வேலையப் பாரு. கலாஸ், பேச்சு முடிஞ்சுது."

முதலாளி அதே போட்டித் தோட்டாவை நம்பி வேட்டைக்குப் போய்விட்டு வந்தார். கிளப் கேன்டீனில் பெரிய டிவியில் வீடியோ போட்டார்கள். அறுநூற்று நாற்பது மீட்டர் என்று அவர் குரலே பெருமையாகச் சொல்கிறது. முதல் குண்டில் மான் முன்னங்காலில் மடங்கி விழுந்தது, எழுந்தது. ஒரு கால் தோளிலிருந்து தனியாகத் தொங்கி ஆடியது. பிறகு மூன்று குண்டு, மூன்றும் மண்ணில். மான் நொண்டிக்கொண்டே மரங்களுக்குள் போனது. பின்னணியில் யாரோ சிரிக்கிறார்கள். அடுத்த காட்சியில், மறுநாள் நூற்றைம்பது மீட்டரில் வழிகாட்டியின் துப்பாக்கியால் சுட்ட வேறொரு மானின் கொம்பைப் பிடித்தபடி போட்டோ. கேன்டீனே கைதட்டியது.

நான் தட்டவில்லை. "மொதல் மான் என்னாச்சு சார்?"

"பனி பெய்ய ஆரம்பிச்சிருச்சுப்பா. தேடல. ஓநாய் தின்னுருக்கும், விடு."

"உயிரோட தின்னுருக்கும்!" என்று கத்தினேன். "எத்தன தடவ சொன்னேன்? ஊறுன பேப்பர்ல காட்டுனேனே! சுட்டா கொல்லணும் சார். முடியாதுன்னு தெரிஞ்சா துப்பாக்கிய எறக்கணும். அறுநூறுல நின்னு சுட்டதுக்குப் பேரு வேட்டையா?"

மேனேஜர் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார். மன்னிப்புக் கேட்காவிட்டால் விசா கேன்சல் என்றார். வீட்டில் மூன்று பேர் என் சம்பளத்தில் சாப்பிடுகிறார்கள். உள்ளே போனேன். "தப்பா பேசிட்டேன் சார்" என்றேன். முதலாளி என் தோளில் தட்டினார். அன்றைக்கு அந்த முதலாளி மேல் இருந்ததைவிட என் மேலேயே எனக்கு ஆத்திரம் அதிகம். நான் ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசவில்லை.

இரண்டு மாதம் என்னை ரேஞ்சில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க விடவில்லை. வெற்றுத் தோட்டா உறைகளைப் பொறுக்கும் வேலை கொடுத்தார்கள்.

அடுத்த வருடத்துப் பயணத்துக்கு அவர் மறுபடி பயிற்சிக்கு வந்தபோது என்னைத்தான் சொல்லிக்கொடுக்கக் கேட்டார். நான் மேசையை ஓரம் தள்ளினேன். மணல் மேட்டில் நூறு மீட்டர் ஓடிவந்து, முட்டி போட்டுச் சுடச் சொன்னேன். முந்நூறில் பத்துக்கு இரண்டு. நூற்றைம்பதில் பத்துக்கு ஒன்பது.

"மலையில இப்படித்தான மூச்சு வாங்கும்? நூத்தம்பதுதான் சார் உங்க எல்லை" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு காருக்குப் போனார். போகும்போது கவுண்டரில் வேட்டைக் குண்டின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டாராம். தோட்டாவை மாற்றிக்கொண்டார். தூரத்தை மாற்றிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. மலைக்குப் போய்வந்த பிறகு அந்தப் பயணத்து வீடியோவை அவர் கேன்டீனில் போடவில்லை.