எங்களை விட்டுப்போன வேன்

அமெரிக்காவில் கதவைத் திறந்து உள்ளே போகிறவர், பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். நாம் எட்ட வந்தாலும் கதவைப் பிடித்தபடி நிற்பார். அவரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சத்தில் நாம்தான் ஓட வேண்டும். பிரிட்ஜ்வாட்டர் ஊருக்குக் குடிவந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. எங்கள் கரூர் பஸ் ஸ்டாண்டில் முழங்கையால் இடித்துவிட்டுத்தான் ஏறுவார்கள். ஆனால் இடித்த அதே ஆள், “இருங்க கண்டக்டர், ஒரு அம்மா வருது” என்று வண்டியைத் தட்டி நிறுத்துவார். இந்த இரண்டு பழக்கத்தில் ஒன்றுகூட ஒட்டாத ஒருவரை நம்பித்தான் இந்தக் கோடையில் கப்பலேறினேன்.

பிரபு ஈரோட்டுக்காரர். அடுத்த தெருவில் வீடு. என்னை அக்கா என்றும் என் அம்மாவை ஆன்ட்டி என்றும் கூப்பிடுவார். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அம்மா அவர் வீட்டுக்கும் சேர்த்து முறுக்கு கொண்டுவருவார். என் கணவருக்கு லீவு கிடைக்காததால், “எங்க கூட வாங்கக்கா” என்று பிரபுதான் தன் மனைவி, மகளோடு என்னையும் அம்மாவையும் இத்தாலி க்ரூஸ் கப்பலுக்குக் கூட்டிப்போனார்.

கப்பல் நேப்பிள்ஸில் நின்ற அன்று, பொம்பெயி நகரைப் பார்க்க, கப்பல்காரர்களின் டூரில் சேராமல், கைடோடு வெளியே ஒரு வேன் பிடித்தார். கப்பலில் வந்த டெக்சாஸ் தம்பதி ஒன்றும் சேர்ந்துகொண்டது. எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானியர் ஊர். தெருவெல்லாம் மேடும் பள்ளமுமாகப் பெரிய கற்கள். அந்தக் காலத்து வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளமொன்றில் அம்மாவின் கால் பிசகிவிட்டது.

“நீங்க முன்னால போயி வேன்ல சொல்லுங்க பிரபு. நாங்க மெதுவா வர்றோம்.”

“டென்ஷன் ஆகாதீங்கக்கா. நான் பாத்துக்கறேன்.”

அம்மாவைத் தாங்கிப் பிடித்து வாசலுக்கு வந்தபோது வேன் இல்லை. பிரபு போனை எடுக்கவில்லை. “நம்மளத் தேடிட்டு உள்ள போயிருப்பாங்க கண்ணு. இங்கயே நிப்போம்” என்றார் அம்மா. அந்த நம்பிக்கையோடு நிற்க நேரமில்லை; கப்பல் கிளம்பிவிடும்.

டாக்சி பிடித்தேன். துறைமுகம் என்றதும் டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, “ஷிப்? கிச்சன்? வொர்க்?” என்றார். கப்பலில் சமையல் வேலைக்குப் போகிறோம் என்று நினைத்துவிட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. ஏணியை எடுக்கும் நேரத்தில் கப்பலேறினோம்.

டெக்சாஸ் பெண்மணி மேல்தளத்தில் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். “காத்திருக்கலாம் என்றுதான் கைடு சொன்னாள். உன் தம்பிதான் நீங்கள் டாக்சியில் வருவதாகச் சொல்லி, கிளம்பலாம் என்றார்.”

“அவர் என் தம்பி இல்லை.”

அவர் குழம்பிப்போனார். “அக்கா என்றால் சிஸ்டர் என்று அவர் மகள் சொன்னாளே? வீட்டு ஆளே சொல்கிறாரே என்றுதான் நாங்கள் பேசாமலிருந்தோம்.”

அவருக்கு என்ன பதில் சொல்ல? அந்தச் சொல்லை நாங்கள் ஹலோ போல வீசியெறிகிறோம் என்றா?

சாப்பாட்டு அறையில் எங்கள் இரு குடும்பத்துக்கும் ஒரே மேசை. பிரபு எழுந்து வந்தார். “சாரிக்கா. கப்பல் போயிட்டா எல்லாருக்கும் ப்ராப்ளம் இல்லையா? இங்கெல்லாம் டைம்னா டைம். நம்ம ஊர் மாதிரி வெயிட் பண்ண மாட்டாங்க.”

“அவங்க வெயிட் பண்றேன்னுதான் சொன்னாங்க. போலாம்னது நீங்க. டாக்சில வர்றேன்னு நான் எப்பச் சொன்னேன்?”

அவர் மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆன்ட்டிக்குத்தான் ஒண்ணும் ஆகலையே, விடுங்கக்கா” என்றார் பிரபு. பரவாயில்லை தம்பி என்று சொல்ல அம்மா வாயெடுத்தார். நான் அவர் கையை அழுத்தினேன்.

“இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதீங்க.”

டெக்சாஸ் தம்பதி தங்கள் மேசையில் இடம் ஒதுக்கினார்கள். அம்மாவின் காலுக்கு ஐஸ் வரவழைத்தார்கள். ரோமானியர்களின் குளியலறைகளைப் பற்றி ஆர்வமாகப் பேசினார்கள். நானும் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன், சிரித்தேன். மொழி புரியாத அம்மா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பின்னால், நாங்கள் விட்டுவந்த மேசையில் யாரோ தமிழில் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என் முகம் இந்த மேசையில்தான் இருந்தது. கோபம் அடங்கவேயில்லை. ஆனாலும் அந்த மேசையில் என்ன சொன்னார்கள் என்று கேட்க என் காது மட்டும் பின்னால் போய்விட்டிருந்தது.