படத்தின் இடது ஓரம்

எங்கள் கலியாண வீடியோவில் கணக்கில் இல்லாத ஓர் ஆள் நின்றதை நான் கண்டுபிடித்தது, தொலைக்காட்சியின் ரெசொலூஷனைச் சரிபார்க்கப் போய்த்தான்.

யுத்தம் முடிந்து நானாட்டானில் மீளக்குடியேறி, வீட்டுக்குக் கதவு போட முன்னமே பெரிய தொலைக்காட்சி வந்துவிட்டது. விடுமுறைக்கு வந்த என் தங்கை கனடாவிலிருந்து ஓர் இறுவட்டும் கொண்டுவந்தாள். எங்கள் கலியாண கசெட் இடம்பெயர்வில் தொலைந்தது. அவளுக்கு அனுப்பிய பிரதி தப்பி, இந்த சீடியில் ஏறியிருந்தது.

கணினியைத் தொலைக்காட்சியோடு பூட்டி, வீட்டைத் தியேட்டராக்க வெளிக்கிட்டேன். கந்தோரில் பிரிண்டருக்குள் சிக்கிய கடதாசியை ஒருமுறை இழுத்தெடுத்தவன் என்பதால் எனக்குக் கணினி தெரியும் என்றொரு பேச்சு இருந்தது. நான் அதை மறுத்ததில்லை.

படம் வந்தது, ஓரங்கள் வரவில்லை. கீழே நேரம் காட்டும் பட்டை சட்டத்துக்குள் பாதி புதைந்திருந்தது.

"ரெசொலூஷன் பிழை," என்றேன்.

"ஐ.நா. ரெசொலூஷன் மாதிரி இதுக்கும் ஜெனீவாவுக்குப் போகவேணுமோ?" என்றாள் மனைவி, அரிசி புடைத்தபடி.

கணினியில் 1920 × 1080. தொலைக்காட்சியிலும் அதே. அரைநாள் கழித்துத்தான் விளங்கியது. பழைய பெட்டிகள் படத்தின் நாலு விளிம்பையும் கொஞ்சம் ஒளித்துவைக்கும். புதியதும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. தொலைக்காட்சி மெனுவில் 'முழுப்படம்' என்று மாற்றினேன். பட்டை மேலேறி வந்தது. சோதித்துப் பார்க்க வீடியோவைப் போட்டேன்.

மாதா கோயில் வாசலில் நாங்கள் நிற்கிறோம். இடது ஓரத்தில், விரலளவு அகலத்தில், பாதி ஆள் ஒன்று. ஒரு தோள், நீலச் சட்டைக் கை, ஒரு காது. பழைய பெட்டியில் எத்தனையோ தடவை பார்த்த படம். இந்த ஆளைக் கண்டதில்லை.

"நிப்பாட்டுங்கோ." மனைவியின் சுளகு கீழே இருந்தது. "அது அண்ணா."

அவளுடைய ஒரே அண்ணன். சைவ வீட்டுப் பிள்ளை வேதக்காரனான என்னைக் கட்டுகிறாள் என்ற கோபத்தில், "உன்ர கலியாணத்தில பச்சைத் தண்ணியும் வாயில வைக்கமாட்டன்" என்றவர். வரவில்லை என்றே நம்பியிருந்தோம். யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமற்போனார். கோபம் ஆறியதா என்று கேட்க இனி ஆளில்லை.

ஓடவிட்டேன். கமெரா திரும்பியது, ஆள் அதே ஓரத்தில். மண்டபத்துக்குள் போனது, அங்கேயும் அதே ஓரம். வீடியோக்காரரின் விளக்குக்கு விலகி விலகி நின்றிருக்கிறார் என்று விளக்கம் சொன்னேன். சொன்ன எனக்கே அது போதவில்லை. எங்கள் பழைய பெட்டி எதுவரை காட்டும் என்று அளந்து நின்றவர்போல, ஒவ்வொரு முறையும் அதே விரலளவு.

பந்தி வந்தது. அந்தச் சட்டைக் கை மடங்கியிருந்தது. விரல்களில் வெள்ளையாக ஏதோ.

"சாப்பிடுறாரோ?"

"முகம் துடைக்கிற லேஞ்சியாயும் இருக்கலாம்."

"பெருப்பியுங்கோ."

பெருப்பித்தேன். கை சதுரம் சதுரமாக உடைந்தது. கோப்பின் விபரத்தைத் திறந்தேன்: 720 × 576. திரை எவ்வளவு பெரிதானாலும் படத்துக்குள் இருக்கும் புள்ளி அவ்வளவுதான். மிச்சத்தைக் கணினி தன் எண்ணத்துக்கு இட்டு நிரப்புகிறது. 'சோறுதான்' என்று நானும் இட்டு நிரப்பியிருக்கலாம். அற்ப விஷயங்களுக்கெல்லாம் தாராளமாகப் பொய் சொல்லிப் பழகிய நாக்கு, அன்றைக்கு எழும்பவில்லை.

"தெரியேல்லை," என்றேன்.

மெல்ல மெல்ல நகர்த்தினேன். கை உயர்ந்தது. வாய்ப்பக்கம் போனது. வாய் படத்தில் இல்லை.

"அங்கால தள்ளுங்கோ."

"அங்கால படம் இல்லையப்பா. அவ்வளவுதான் எடுத்திருக்கு."

"இடம் கிடக்குதே," என்று படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவிலிருந்த கறுப்புப் பட்டையைக் காட்டினாள். படம் ஒடுக்கம், திரை அகலம், அதனால் விழும் வெறுமை என்று விளங்கப்படுத்தினேன். ஓம் ஓம் என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கதிரையை வலப்பக்கம் இழுத்துப் போட்டு, கதவுக்குப் பின்னால் நிற்பவரைப் பார்ப்பதுபோல் தலையைச் சரித்தாள்.

"கொஞ்சம் தள்ளி இருங்கோ. மறைக்குது."

தள்ளி இருந்தேன். என் தலையும் சரிந்துதான் இருந்தது.