அரசிகளின் அகரவரிசை

மயிலாப்பூரில் ஒரு பதிப்பகத்தின் அரச வம்சக் களஞ்சியத்துக்கு நான்தான் பெயர்களை அகரவரிசைப்படுத்தினேன். அரசிகளையெல்லாம் கணவர் பெயருக்குக் கீழே "இன்னாரின் மனைவி" என்று அடுக்கியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயில் விளக்குக்கு நிலம் எழுதிவைத்த அரசி, கல்வெட்டில் தன் பெயரைத்தானே வெட்டச் சொன்னாள்?

"யாரு மேடம் அப்படித் தேடப்போறாங்க?" என்றார் பதிப்பாசிரியர்.

"நான் தேடுவேன் சார்."

மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொருத்தியையும் அவளவள் எழுத்துக்கு மாற்றினேன்.

புத்தகம் வந்ததும் கடைசிப் பக்கத்தில், பணியாற்றியவர்கள் பட்டியலில், என் பெயரைத் தேடினேன். என் எழுத்தில் நான் இல்லை. என் பெயருக்கு முன்னால் கணவரின் இனிஷியலை வைத்து அவர் எழுத்தில் சேர்த்திருந்தார்கள். சண்டை போடப் போனைக் கையில் எடுத்தேன். அந்தப் பட்டியலை டைப் அடித்து அனுப்பியதே நான்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.