மேட்டுப்பாளையத்தில் வண்டியேற மறுத்த குதிரை

ஞாயிறு காலை ஏழே கால். மேட்டுப்பாளையம் காய்கறி மண்டிக்கு எதிரே, வேனில் ஏறமாட்டேன் என்று நிற்கிறது ஒரு வெள்ளைக் குதிரை. பத்து மணிக்குச் சிங்காநல்லூரில் மாப்பிள்ளை ஊர்வலம். குதிரைக்காரர் காதர் பாய் கயிற்றை இழுத்து இழுத்து வியர்த்துப்போயிருக்கிறார்.

குதிரைக்குக் கேரட் பிடிக்கும் என்று எங்கோ படித்த நம்பிக்கையில், பஸ்ஸுக்கு வந்த நான் ஓர் ஊட்டி கேரட்டை நீட்டுகிறேன். குதிரை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

"ஏனுங்க, மண்டியில கழிச்சுப்போட்ட கேரட்டத்தான் தெனமும் திங்கறாளுங்க. சலிச்சுப்போச்சுங்க அவளுக்கு."

"வெல்லம்?"

"குடுத்துப்போட்டேனுங்க. தின்னுபோட்டு அப்படியேதான் நிக்கறா."

அதற்குள் குதிரை என் தோள்பையை முட்டுகிறது. உள்ளே, குப்பைத்தொட்டி கிடைக்காமல் காகிதத்தில் சுற்றிவைத்த நேந்திரம்பழத் தோல்.

"தரலாமா, பாய்?"

"தோல் நல்லதுங்க. ஆனா இங்க குடுத்துப்போடாதீங்க! அதக் கையில வெச்சுக்கிட்டு வேன்ல ஏறுங்க."

ஏறுகிறேன். பின்னாலேயே பலகையில் குளம்புச் சத்தம். ஒரு கீற்று கிழித்துக் கொடுக்கிறேன். கண்ணை மூடி மெல்லுகிறாள். பாய் கதவைச் சாத்திவிடுகிறார்.

"பாய், நான் ஊட்டி பஸ்ஸுக்குப் போகணும்!"

"நீங்க எறங்கினா அவளும் எறங்கிருவாளுங்க. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுப்போட்டு நாளைக்குப் போலாமுங்க."

வேன் கோவைச் சாலையில் திரும்புகிறது. மிச்சத் தோலைச் சிறு சிறு கீற்றாகக் கிழிக்கத் தொடங்குகிறேன். சிங்காநல்லூர்வரை வர வேண்டுமே.