மாமா எழுதாத ஏழாவது தாள்

எட்டாம் வகுப்பு படிக்கும்போதே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியவள் நான். ஏழு தாள்களில் ஆறு எழுதினேன், ஆறிலும் பாஸ். மதிப்பெண் பட்டியலில் இருந்த பெயர் மட்டும் என்னுடையதல்ல, என் மாமாவுடையது.

மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. கீழ்பென்னாத்தூரில் பெரிய மாமாவின் வீட்டில் இருந்தார். பத்தாவது படிக்கும்போது வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவருடைய பார்வையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு எட்டு வருஷம் அவர் செய்த வேலை மல்லாட்டை உரிப்பது, வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கண் இருக்கிறவனைவிட வேகமாக உரிக்கிறான் என்று பெரிய மாமா வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். மாமா தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கு பார்த்தாலும், காசு கொடுத்து வெளியூருக்குப் போன் பேசும் எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்தது. பார்வை இல்லாதவர்களுக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும் என்று அப்பா விசாரித்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் போகாமல் தனித்தேர்வராக எழுதலாமாம். சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளையும் வைத்துக்கொள்ளலாமாம். அந்த ஆள் பத்தாவதுக்குக் கீழே படிப்பவராக இருக்க வேண்டும், பெயரை முன்கூட்டியே எழுதிக்கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. வீட்டில் கையெழுத்து நன்றாக இருந்தது எனக்குத்தான்.

அந்த வருஷம் முழுக்க சனி, ஞாயிறுகளில் மாமா பஸ் ஏறி திருவண்ணாமலைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் பாடத்தைப் படிப்பேன், அவர் கேட்பார். ஒரு தடவை கேட்டாலே போதும், திருப்பிச் சொல்லிவிடுவார். கணக்கை மட்டும் அவர் சொல்ல, நான் எழுதிப் பழகினேன். அடி அண்ணாமலைப் பக்கம், மலை சுற்றும் பாதையில் பூத் வைத்தால் பவுர்ணமிக்குப் பவுர்ணமி வரிசையில் நிற்பார்கள் என்பார். எனக்குப் படிக்க அலுத்துப்போனால் எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அவர் வாடிக்கையாளர், நான் பூத்காரி.

"மெட்ராஸுக்கு ஒரு கால் போடணுங்க."

"லைன் பிஸியா இருக்குதுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க."

"இப்பிடிச் சொன்னா யாரு வருவாங்க? உக்காருங்கன்னு சொல்லணும்" என்று திருத்துவார்.

பரீட்சை முடியும்வரை மாமா எங்கள் வீட்டிலேயே தங்கினார். பரீட்சைக்கு எங்களுக்கென்று தனி அறை கொடுத்தார்கள். மேற்பார்வைக்கு வந்த டீச்சர் முதல் நாளே என்னை எச்சரித்தார். "அவர் சொல்றதை மட்டும் எழுதணும். உனக்குத் தெரிஞ்சதை எழுதக் கூடாது." எனக்கு எதுவும் தெரியாது என்பதால் அந்த நிபந்தனையைக் காப்பாற்றுவது சுலபமாக இருந்தது. மாமா நிறுத்தி நிதானமாகச் சொல்வார். கமாவைக்கூடச் சொல்வார். கணக்குப் பரீட்சை அன்று அவர் வாயால் போட்ட வேகத்துக்கு என் கை ஓடவில்லை. முடிந்ததும் என் விரல்களைப் பிடித்துச் சொடுக்கு எடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். பத்தாவது அக்காக்களே என்னிடம் வந்து கேள்வித்தாளைப் பற்றி விசாரித்தார்கள்.

அறிவியலும் முடிந்து, வரலாறு புவியியல் மட்டும் பாக்கி இருந்தது. நடுவில் ஒரு நாள் விடுமுறை. அன்று சாயங்காலம் நான் பெரியவளானேன்.

பயந்துபோய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு அத்தைக்கு ஆள் அனுப்பினாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஒரு மணி நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. மூலையில் ஒரு மணையில் என்னை உட்காரவைத்து, யாரையும் தொடக் கூடாது என்றார்கள். பதினாறு நாள் வாசலைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னார்கள். பதினாறு நாள் பள்ளிக்கூடம் இல்லை என்பதுதான் எனக்குப் புரிந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் மாமாவின் குரல் கேட்டது. மெதுவாகத்தான் பேசினார்.

"ஒரு தாள்தான்கா பாக்கி. நாளைக்கு மத்தியானம் முடிஞ்சிடும். ஆட்டோவில கூட்டிட்டுப் போய் ஆட்டோவிலயே கூட்டிட்டு வந்துடலாம்."

அம்மாவுக்குப் பதிலாக அத்தைதான் சொன்னார். "தீட்டுப் பொண்ண எப்பிடி வெளிய அனுப்புறது? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போனார். வேறு ஆளை வைக்க முடியாது, அனுமதிக் கடிதத்தில் உங்கள் பெண்ணின் பெயர்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். திரும்பி வந்த அப்பா, "அக்டோபர்ல இந்த ஒண்ண மட்டும் எழுதிக்கலாம். எங்க போயிடப் போவுது?" என்றார். மாமா, "ஆமா மாமா, அதுவும் சரிதான்" என்றார்.

பெரியவளான பெண்ணுக்குத் தென்னை ஓலையில் குச்சு கட்டி அதில் உட்காரவைப்பார்கள். அதைக் கட்ட வேண்டியவர் தாய்மாமன். பெரிய மாமா வெளியூர் போயிருந்தார். மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம் என்று அத்தை பார்த்து வைத்திருந்தார். மாமா குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். பச்சை மட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, நுனி எது அடி எது என்று கண்டுபிடித்துக் கட்டினார். பரீட்சை பத்து மணிக்கு. மணி அடித்திருக்கும் நேரத்தில் அவர் கூரையின் கடைசிக் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "கண்ணு தெரியாதவன் கட்டின மாதிரியா இருக்குது?" என்று எல்லோரும் மெச்சினார்கள். உள்ளே போய் உட்கார்ந்த எனக்கு ஓலை வாசனை பிடித்திருந்தது. உளுந்தங்களியும் புதுப் பாவாடையும் அதைவிடப் பிடித்திருந்தன.

ஜூனில் முடிவு வந்தது. ஆறு தாளில் பாஸ், ஏழாவதற்கு 'வரவில்லை' என்று போட்டிருந்தது. ஒரு தாள்தானே, அக்டோபரில் எழுதிவிடலாம் என்று நான் அந்த வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை வந்தது, மாமா வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. கேட்டால் அம்மா, "அவனுக்கு வேல இருக்கும்" என்பாள்.

அக்டோபரில் அவர் ஊரிலேயே ஒரு பையனைப் பிடித்து அனுமதி வாங்கியிருக்கிறார். பரீட்சை அன்று அந்தப் பையன் வரவில்லை. மாமா பள்ளிக்கூட வாசலில் பதினொரு மணி வரை நின்றுவிட்டு பஸ் ஏறினாராம். அதற்குப் பிறகு அவர் விண்ணப்பம் போடவில்லை. மறுபடி மல்லாட்டைதான்.

என்னால்தான் அவர் பரீட்சை கெட்டது, அதனால் என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோபம் நியாயமாகவும் தோன்றியது. சொல்லாமல் இருந்திருக்கலாமே, ஒரே ஒரு நாள் அம்மாவிடம் மறைத்திருக்கலாமே என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

எனக்குக் கல்யாணமாகி, மாமாவும் இறந்துபோன பிறகுதான் அம்மா ஒரு நாள் தானாகச் சொன்னாள். குச்சு பிரித்த வாரமே அவள் தம்பியிடம் பேசியிருக்கிறாள். "வயசுக்கு வந்த பொண்ணு இருக்கிற வீடுடா. நீ அவளுக்கு முறை மாமன். கண்ணு தெரியாதவனுக்கு அக்கா பொண்ணுதான் இருக்குதேன்னு இப்பவே பேசறாங்க. இனிமே நீ இங்க வராத." அவர், "சரிக்கா" என்றாராம். "அவ கிட்ட இதச் சொல்லாத" என்றும் சொன்னாராம்.

இது எதுவும் தெரியாத காலத்தில், நான் பத்தாவது படித்தபோது ஒரே ஒரு முறை அவரைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டுத் தோழியோடு சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு தேரடித் தெருவில் வந்துகொண்டிருந்தேன். எதிரே, மூடியிருந்த ஒரு கடையின் ஓரமாகக் குச்சியைத் தட்டிக்கொண்டு மாமா வந்துகொண்டிருந்தார். நான் சட்டென்று பேச்சை நிறுத்தி, தோழியின் கையை அழுத்தினேன். இருவரும் செருப்புச் சத்தம் கேட்காமல் அவரைத் தாண்டிப் போனோம். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். அவர் வெயிலில் அதே இடத்தில் நின்றிருந்தார், முகத்தை எங்கள் பக்கமாகச் சாய்த்தபடி. பஸ் வருகிறதா என்று காது கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.