வைபரில் காட்டிய நாக்கு

கபிலனும் நானும் இத்தாலியில, சீசா எண்ட இடத்தில ஒரே பிளாட், ஒரே குசினி. ஸ்ஃபெர்ராகவால்லோவில ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில கணவாய் கழுவிப்போட்டு, அந்த மணத்தோடையே பஸ்ஸில வந்து இறங்குவான். வாயைத் திறந்தால் தர்மிளா. தர்மிளா எண்டது கிளிநொச்சியில இருக்கிற அவன்ரை மனிசி. கலியாணம் கட்டின கையோடை இவன் வெளிக்கிட்டு வந்தவன். அகதியெண்டு இஞ்சை இருக்கிற அனுமதி, பெர்மெஸோ, குடுத்திட்டாங்கள்தான், ஆனால் அதோடை இலங்கையில கால் வைச்சால் பெர்மெஸோ பறிபோயிடும். அவளை இஞ்சை கூப்பிடுற அலுவலோ வருசக்கணக்கா இழுபடுது.

அவளுக்கு அங்கை ஓயாத தலையிடி, அலுப்பு. ஆஸ்பத்திரியில சோதிச்சுப்போட்டு ஒண்டுமில்லை எண்டு அனுப்பிவிட்டாங்கள். ஒண்டுமில்லையெண்டால் ஏன் தலை இடிக்குது எண்டு இவன் என்னைப் பிடிச்சுக் கேக்கிறான். நான் என்ன டொக்டரோ? அப்பத்தான் ஸ்ரேசனடியில மருந்துக்கடை வைச்சிருக்கிற சீனாக்காரி, சிஞ்ஞோரா லின், ஞாயிறு காலமையில புதுசா வாறவைக்குச் சீன மூலிகை வைத்தியம் சொல்லிக்குடுக்கிறா எண்டு கேள்விப்பட்டு ஓடினான். அது இரண்டாயிரத்துப் பதினைஞ்சு.

முதல் கிழமையே என்ரை சோத்துச் சட்டி கரிஞ்சுது. அதிமதுரமும் சுக்கும் காய்ஞ்ச தோடம்பழத் தோலும் கண்டவுடனை, இது எங்கடை கசாயம்தானே எண்டு எட்டுக்கு ஒண்டா வத்தவிட்டிருக்கிறான் கபிலன் துரை. சீனாக்காரர் அப்பிடிக் காய்ச்சிறேல்லையாம், ஒருக்கா அவிச்சு வடிச்சுப்போட்டு, திரும்பவும் தண்ணி விட்டு அவிக்கிறதாம். அந்தச் சட்டியை மினுக்கினது நான்.

லின் சொல்லிக்குடுத்ததில அவனுக்குப் பிடிச்சது நாக்குப் பாக்கிறது. இளஞ்சிவப்பெண்டால் நல்லம், ஊதா ஓடியிருந்தால் ரத்தம் தேங்கி நிக்குதாம். நாக்கும் நாடியும் பாக்காமல் மருந்து குடுக்கப்படாது. நாக்குப் பாக்க முதல் என்ன சாப்பிட்டதெண்டு கேக்கவேணும். இவ்வளவையும் தர்மிளாவுக்கும் போனிலை ஒப்புவிச்சான். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வைபரில நாக்கை நீட்டச் சொல்லுறது. மற்றவன் மனிசியிட்டை முத்தம் கேக்கிறான், இவன் நாக்கைக் காட்டச் சொல்லுறான். நான் பகிடி பண்ணினால் சிரிக்கவும் மாட்டான். நிறம் நல்லாயிருக்கெண்டு சொல்லிப்போட்டு, பிறகும் அந்த முகத்தைப் பாத்துக்கொண்டே இருப்பான். பாவமாய்த்தான் கிடக்கும்.

ஆடி மாசம் ஒரு ஞாயிறு, போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ளை வந்தான். முகத்தில ரத்தமில்லை. படம் எடுத்து வைச்சிருந்தான். தர்மிளாவின்ரை நாக்கு அடியிலயிருந்து நுனி வரைக்கும் ஊதா.

"அண்ணை, நான் போறன். பெர்மெஸோ போனால் போகட்டும்."

விசரா எண்டு ஏசினேன். போனால் திரும்பி வரேலாது, ரெண்டுபேரும் அங்கை காத்தைக் குடிச்சோ இருக்கப்போறியள் எண்டு கத்தினேன். அவன் டிக்கற் தேடத் தொடங்கியிட்டான். முதல் உன்ரை சீனாக்காரியிட்டைக் காட்டடா எண்டு கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போனேன்.

லின் கண்ணாடியைப் போட்டு, படத்தை வடிவாப் பாத்துப்போட்டு ஒரு கேள்விதான் கேட்டா: என்ன சாப்பிட்டவ? இவன் அதை அவளிட்டைக் கேக்கேல்லை. முதல் நாளே படிச்சதைக் கேக்கேல்லை.

அங்கையிருந்தே அவளுக்கு எடுத்து ஸ்பீக்கரில போட்டான். என்ன சாப்பிட்டனீர் எண்டு கேட்டான். நாவற்பழம் எண்டாள்.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை, சிரிப்பும் வந்திட்டுது. ஆடி மாசம் நாவற்பழக் காலமெண்டதையே மறந்துபோன ரெண்டு மடையங்கள் அந்தக் கடைக்குள்ளை நிண்டம். ஆனால் அவள் முடிக்கேல்லை.

"ஊதா கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். தெரிஞ்சுதான் சாப்பிட்டனான். பயத்திலையெண்டாலும் வருவியள் எண்டு நினைச்சன்."

என்ரை சிரிப்பு நிண்டிட்டுது. கபிலன் ஏசேல்லை. போனை ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு நிண்டான். என்ன சொன்னவ எண்டு லின் கேக்க, நான் எனக்குத் தெரிஞ்ச இத்தாலியனில சொன்னேன். அந்த மனிசி கண்ணாடியைக் கழட்டிப்போட்டு, நாக்கைப் போனிலை பாக்கலாம், நாடி பாக்கிறதெண்டால் கை வேணும் எண்டா.

இலங்கைக்குப் போகேலாத எங்கடை ஆக்கள் இந்தியாவில போய்த்தான் மனிசி பிள்ளையளைப் பாக்கிறவை. அவள் இஞ்சை வரத்தானே போறாள், ஏன் வீண் செலவு எண்டு இவன் அதைத் தள்ளிக்கொண்டே வந்தவன். அண்டைக்குப் பஸ்ஸுக்கு நிக்கேக்கையே அவளைத் திருச்சிக்கு வரச்சொல்லி எழுதிப்போட்டான்.

மாரிக்கு அவன்ரை மீன் கடை பூட்டி லீவு கிடைக்கும்வரைக்கும் நாடி பழகினது என்ரை கையில. சாப்பிட விடமாட்டான், மூண்டு விரலை வைச்சுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டிருப்பான். என்ரை கையை ஒருதரும் அப்பிடிப் பிடிச்சுக்கொண்டு இருந்ததில்லை, ஏசிக்கொண்டு குடுத்தேன்.

தை மாசம் திருச்சிக்குப் போனவன், மாசியில தனியத்தான் திரும்பி வந்தான். கதவு திறந்தவுடனை முதல் கேள்வியா, தர்மிளாவின்ரை நாடி என்ன சொல்லிச்சு எண்டு கேட்டேன். பெட்டியைக் கீழை வைச்சான்.

"தெரியாது அண்ணை. விரலை வைச்சன். பிறகு ஒண்டும் பாக்கேல்லை, கையைப் பிடிச்சுக்கொண்டே இருந்திட்டன்."